சுருட்டின் தரமறிதல்



புகையிலை பயிரிடும் குடியானவர் தம் சரக்கை வியாபாரியின் கிடங்கிற்குக் கொண்டு செல்கிறார். வியாபாரி ஒரு சிப்பத்தைப் பிரித்து, ஓர் இலையை உருவி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார், முகர்கிறார், நுனியைக் கிள்ளி நெருப்பில் காட்டுகிறார். அரை நிமிஷத்திற்குள் பல மாதத்து உழைப்பின் விலை தீர்மானமாகிவிடுகிறது. “இலை பிடித்து எரியாது; இரண்டாந்தரம்” என்று அவர் கூறினால், குடியானவரிடம் மறுமொழி இல்லை. அக்கூற்று மெய்யாயிருக்கலாம், பொய்யாயுமிருக்கலாம். எது என்று அறியும் வழி குடியானவர் கையில் இல்லாதவரையில் அவருக்கு நஷ்டமே. சுருட்டின் தரத்தை அதில் தேர்ந்தவர்கள் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள், உயர்ந்த விலைச் சுருட்டுக்கும் மலிவான சுருட்டுக்கும் மெய்யான வித்தியாசம் யாது, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு வயலிலேயே உண்டாகிறது என்பவற்றை விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுருட்டைப் பற்றிப் பேசுவது சுருட்டுக் குடிக்கும்படி சிபார்சு செய்வதாகாது. சரக்கின் தரம் ஒன்று. அது உடலுக்குச் செய்யும் தீங்கு வேறு. இரண்டாவதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லப்படும்.

பெயரும் ஊரும்

சுருட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஷெரூட்’ என்னும் சொல், தமிழிலுள்ள ‘சுருட்டு’ என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது என்று அகராதிக்காரர்கள் கூறுகின்றனர். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலையைப் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். செடி அயல்நாட்டிலிருந்து வந்தது. சுருட்டின் பெயரோ இந்நாட்டிலிருந்து அயல்நாடு சென்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்த உறையூரில் கையால் சுற்றப்பட்டு, இரு முனையும் வெட்டித் திறந்திருக்கும் சுருட்டுகள் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரையில் பிரசித்தி பெற்றிருந்தன. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிபவர் தரையிற் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுகொள்கிறார். கதையேயாயினும், அந்த ஊர்ச் சரக்கைச் சாம்பலைக்கொண்டே அறியலாம் என்று எழுதினால் லண்டன் வாசகர்கள் ஒப்புவார்கள் என்ற நிலை அக்காலத்தில் இருந்தது.

திண்டுக்கல் மற்றோர் உதாரணம். அங்கே ஸ்பென்ஸர் கம்பெனியார் நடத்திய சுருட்டுத் தொழிற்சாலையினால் அவ்வூரின் பெயர் வெளிநாடுகளுக்கும் எட்டியது. அதைச் சூழ்ந்த சீமையில் ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்னும் புகையிலை வகைகளைக் குடியானவர்கள் கிணற்றுப் பாசனத்தில் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தனர். சுருட்டுப் புகையிலையின் ஆராய்ச்சிக்காக 1948-இல் வேடசந்தூரில் ஒரு நிலையம் ஏற்படுத்தப்பட்டதும் இக்காரணம் பற்றியே.

ஆயினும் பிரசித்தி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. ஊரின் பெயரை நம்பி விலை கொடுத்தவர், சரக்கு ஒருமுறை கெட்டால் மறுமுறை வேறூர்ச் சரக்கை நாடுவார். பெயரைக் காப்பது தரமே. பெயர் தரத்தைக் காக்காது.

சுருட்டின் மூன்று அங்கங்கள்

முழுச் சுருட்டு ஒன்றை அவிழ்த்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் காணப்படும். நடுவில் இருப்பது உள்ளிலை. காரமும் மணமும் பெரும்பாலும் இதனாலேயே வருகின்றன. அதைப் பிடித்து உருவங்கொடுப்பது உட்சுற்றிலை. இது நல்ல இழுவையும் எரியும் குணமும் உடையதாயிருந்தால் போதும், அழகு வேண்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரிவது மேற்சுற்றிலை. இது மெல்லியதாய், துவாரமும் கறையும் இல்லாததாய், நரம்பு தடிக்காததாய், ஒரே நிறமுடையதாய் இருக்க வேண்டும். எடையில் மிகச் சிறிய பங்கே ஆயினும் விலையில் இதுவே முதன்மையானது.

மேற்சுற்றிலைக்கு உலகம் கொடுத்த விலைக்குச் சுமாத்ராவின் டெலிப் பிரதேசம் சாட்சி. 1863-இல் யாகோபுஸ் நியன்ஹெய்ஸ் என்னும் டச்சுக்காரர் அங்கே புகையிலை பயிரிடத் தொடங்கினார். மெல்லிய அந்த இலை ஐரோப்பியச் சந்தையை ஆட்கொண்டது. அதனோடு போட்டியிடும் பொருட்டே அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தார் 1900-இல் வயல்களின்மேல் துணிப்பந்தல் இட்டு நிழலில் மெல்லிய இலை விளைவிக்கத் தொடங்கினர். டெலியின் செல்வத்திற்குப் பின்னால் வேறொரு காட்சியும் உண்டு. சீனரும் ஜாவானியரும் தமிழரும் அத்தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தனர். 1880-ஆம் வருஷத்துக் கூலிச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய கூலி தண்டனைக்குள்ளானான். இலையின் தரத்திற்குக் கிடைத்த விலை உழைத்தவனிடம் தானாகவே வந்து சேர்வதில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டா.

உயர்ந்தது எது, மலிவானது எது

‘உயர்ந்த சுருட்டு’ என்பது வெறும் விளம்பரச் சொல்லன்று. அதற்கு இலக்கணம் வகுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளிக்கையில் கையாண்ட இலக்கணம் வருமாறு: மேற்சுற்று முழுப் புகையிலை இலையாயிருக்க வேண்டும், உட்சுற்றும் கலப்பற்ற இலையாயிருக்க வேண்டும், உள்ளிலையில் எடைப்படி பாதியேனும் நீளமான இலையாயிருக்க வேண்டும், கையால் சுற்றப்பட்டிருக்க வேண்டும், புகைவடிப்பானோ, புகையிலையல்லாத வாய்முனையோ கூடாது, புகையிலையின் மணமன்றி வேறு மணம் ஊட்டப்படலாகாது, புகையிலை, நீர், தாவரப் பசை இவையன்றி வேறொன்றும் சேரலாகாது, ஆயிரம் சுருட்டின் எடை 6 பவுண்டுக்கு மேற்பட்டிருக்க வேண்டும்.

மலிவான சுருட்டு இதற்கு மாறானது. உள்ளே துண்டு இலையும் வெட்டுத் துணுக்கும் இருக்கும், யந்திரத்தினால் சுற்றப்படும். இலைத்தூளையும் காம்பையும் அரைத்துப் பசை சேர்த்துக் காகிதம்போல் தகடாக்கி, அத்தகட்டை உட்சுற்றுக்கு உபயோகிக்கும் முறை 1950-களில் பரவியது. இதனால் செலவு குறைகிறது. வீணாகும் துணுக்கும் பயன்படுகிறது. துணுக்கு விரைவில் எரிந்து புகையைச் சூடாக்கும். சாம்பல் நிற்காமல் உதிரும். நீள இலையாலான சுருட்டின் சாம்பல் ஏறக்குறைய ஓர் அங்குலம் உதிராமல் நிற்பதுண்டு.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நடுத்தரம் உண்டு என்பதையும் மறத்தலாகாது. நல்ல இலையின் துண்டுகளைக் கொண்டு கையால் சுற்றப்பட்ட மலிவான சுருட்டு, கெட்ட நீள இலையைக் கொண்டு சுற்றிய விலையுயர்ந்த சுருட்டைவிட மேலாயிருப்பதும் உண்டு.

மதிப்பிடும் முறை

1992-இல் நியூயார்க்கிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஸிகார் அஃபிஷியனாடோ என்னும் பத்திரிகை, சுருட்டுகளுக்கு 100-க்கு இத்தனை என்று எண் வழங்கும் முறையைப் பிரபலப்படுத்தியது. 95 முதல் 100 வரை தலைசிறந்தது. 90 முதல் 94 வரை மிகச் சிறந்தது. 80 முதல் 89 வரை நல்லது. 70 முதல் 79 வரை சாதாரணச் சந்தைச் சரக்கு. 70-க்குக் கீழ்ப்பட்டது சிபார்சுக்கு உரியதன்று. தோற்றமும் சுற்றும், எரியும் விதம், சுவை, மொத்த அபிப்பிராயம் என நான்கு தலைப்புகளில் எண் இடப்படும்.

இம்முறையின் உயிர்நிலை எண்ணில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. மதிப்பிடுவோர் அல்லாத ஒருவர் சுருட்டிலுள்ள கம்பெனிப் பட்டையை நீக்கிவிட்டு, இலக்கம் மட்டும் இட்ட வெள்ளைப் பட்டையைச் சுற்றிக் கொடுக்கிறார். எந்த ஊர், எந்தக் கம்பெனி, என்ன விலை என்பது மதிப்பிடுவோருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தனித்தனியே எண் இட்ட பிறகே பெயர் வெளிப்படுகிறது. பெயர் தெரிந்தால் நாக்கு பெயருக்கு இணங்கிவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம்.

மதிப்பீடு பற்றவைப்பதற்கு முன்னரே ஆரம்பமாகிறது. முதலில் கண்: மேலிலையின் நிறம், நரம்பு, மடிப்பு, தையல்போல் இலை சேருமிடம் இவை பார்க்கப்படும். அடுத்தது விரல்: நுனியிலிருந்து அடிவரை மெல்ல அமுக்கினால் எவ்விடமும் ஒரே இறுக்கமாயிருக்க வேண்டும். ஓரிடம் கல்போல் இறுகியிருந்தால் புகை வராது. ஓரிடம் பஞ்சுபோல் இருந்தால் அவ்விடத்தில் நெருப்பு ஓடும். பின்னர் மூக்கு: பற்றவைக்காத சுருட்டில் அமோனியா நெடி வீசினால் இலை சரியாகப் புழுங்கவில்லை என்பது உடனே விளங்கும். பிறகு, பற்றவைக்காமலே ஒருமுறை காற்றை இழுத்து, இழுப்பு எளிதா கடினமா என்று பார்ப்பார்கள்.

பற்றவைத்தபின் நெருப்பு வட்டம் சமமாக இறங்க வேண்டும். ஒருபுறம் முந்தி எரிந்தால் சுற்றில் அல்லது பதத்தில் குறை. நடுவில் மாத்திரம் எரிந்து குகைபோல் ஆனால் மேலிலை எரியாத இலை. அடிக்கடி அணைந்தால் உள்ளிலையிலேயே தோஷம். தேர்ந்தவர்கள் ஏறக்குறைய நிமிஷத்திற்கு ஒருமுறையே இழுப்பர். விரைந்து இழுத்தால் சுருட்டு சூடேறி எந்த நல்ல இலையும் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. சுருட்டை மூன்று பாகமாக மனத்திற்கொண்டு, முதற்பாகம், நடுப்பாகம், கடைப்பாகம் என்று தனித்தனியே குறிப்பெழுதுவர். எரிய எரியக் கீழ்ப்பகுதியில் தாரும் ஈரமும் சேருவதால் கடைப்பாகத்தில் காரம் ஏறும். மூன்று பாகத்திலும் கசப்பின்றி, சுவை படிப்படியாக மாறிச் செல்லும் சுருட்டே எண்ணில் உயர்கிறது.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளை நீக்க வேண்டும். கறுத்த சுருட்டு காரமானது என்று பலர் கருதுகின்றனர். நிறம் மேலிலையினுடையது, காரம் பெரும்பாலும் உள்ளிலையினுடையது. அதிகமாகப் புழுங்க வைத்தாலும் இலை கறுக்கும். அவ்வாறே வெண்சாம்பல் உயர்ந்த சுருட்டின் அடையாளம் என்பர். சாம்பலின் நிறம் மண்ணிலிருந்து இலை ஏற்ற தாதுப்பொருள்களைப் பொறுத்தது. மக்னீஷியம் மிகுந்தால் சாம்பல் வெளுக்கும். நிறத்தைவிடச் சாம்பல் உறுதியாக நிற்பதே கவனிக்கத் தக்கது.

குணமும் குறையும் வயலிலே

மதிப்பிடுவோர் குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் வயலிலோ, உலர்த்தும் கொட்டகையிலோ, கிடங்கிலோ ஒரு காரணம் உண்டு. குடியானவருக்கு வேண்டிய பாடம் இதுவே.

‘அணைந்துவிடுகிறது’ என்ற குறையை எடுத்துக்கொள்வோம். இலையில் பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் நெருப்பு நிற்கும். குளோரின் மிகுந்தால் நெருப்பு நிற்காது. இலையின் உலர்ந்த எடையில் குளோரின் நூற்றுக்கு இரண்டு பங்கை எட்டும்போதே எரிவு குன்றுகிறது. உப்புக் கரிக்கும் கிணற்று நீரைப் பாய்ச்சினால் இலையில் குளோரின் ஏறுகிறது. ஆதலால் சுருட்டுப் புகையிலைக்குக் கிணற்று நீரைப் பரீக்ஷை செய்தல் முதற்கடமை. பொட்டாஷ் உரம் இடுவோர் மியூரியேட் ஆப் பொட்டாஷை விலக்கி, ஸல்பேட் ஆப் பொட்டாஷையே இட வேண்டும். முன்னது விலை மலிவு. ஆனால் அதிலுள்ள குளோரின் இலையின் விலையைக் கெடுத்துவிடும். உரத்தில் மிச்சம் பிடித்த சில ரூபாய் கிடங்கில் பல ரூபாயாகக் கழிந்துபோகும்.

‘காரம் மிகுதி’ அல்லது ‘சப்பென்றிருக்கிறது’ என்ற குறை, செடியின் எவ்விடத்து இலை என்பதைப் பொறுத்தது. கியூபாவில் பினார் தெல் ரியோ மாகாணத்திலுள்ள வுவெல்தா அபாஹோ என்னும் பிரதேசம் உலகில் உயர்ந்த சுருட்டுப் புகையிலைக்குப் பேர்பெற்றது. அங்குள்ளோர் ஒரே செடியின் இலையைத் தரம் பிரித்து வெவ்வேறு பெயரிடுகின்றனர். அடி இலை ‘வொலாடோ’. நன்றாக எரியும், காரம் குறைவு. நடு இலை ‘ஸேகோ’, மணமுடையது. மேல் இலை ‘லிஹேரோ’, வெயிலை அதிகம் ஏற்றுத் தடித்துக் காரம் மிகுந்தது, மெதுவாக எரிவது. லிஹேரோவை நெடுநாள் பழுக்க வைத்து, சுருட்டின் நடுவில் வைத்துச் சுற்றுகின்றனர். மூன்றையும் அளவாகக் கலப்பதே அவர்களுடைய கலை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய சிப்பத்தில் இருப்பது கலப்பன்று; குழப்பம். செடியை அடியோடு வெட்டி உலர்த்தும் ஊர்களிலும் இலையைக் காம்பிலிருந்து கழிக்கும்போது அடி, நடு, மேல் என்று பிரித்துவிடலாம். அதற்குப் பணச்செலவு இல்லை. சிரத்தை ஒன்றே வேண்டும்.

‘கசப்பு’, ‘நெடி’ என்பன பாடம் செய்வதிலுள்ள குறை. உலர்ந்த இலையைச் சிறிது ஈரப்பதத்துடன் அம்பாரமாக அடுக்கினால் உள்ளே வெப்பம் தானாக ஏறும். ஏறத்தாழ 50 பாகை செண்டிகிரேடு அளவை நெருங்கும்போது அம்பாரத்தைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியேயும் வெளியிருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்க வேண்டும். இவ்வாறு பலமுறை செய்கையில் அமோனியா வெளியேறி, பச்சை நெடி நீங்கி, நிறம் ஒருமைப்படுகிறது. அவசரத்தில் அம்பாரத்தைக் கலைத்து விற்றால் அந்நெடி சுருட்டுவரை தொடரும். அம்பாரத்தைப் பிரிக்காமல் விட்டுவிட்டாலோ நடு இலை வெந்து கறுத்துத் தூளாகிவிடும்.

கடைசியாகக் கிடங்கு. சுருட்டை 18 முதல் 21 பாகை செண்டிகிரேடு வெப்பத்திலும், காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை உள்ள நிலையிலும் வைப்பது மேனாட்டார் வழக்கம். உஷ்ண தேசத்துக் கிடங்குகளிற் புகையிலை வண்டு எளிதில் பெருகும். அது இலையில் ஊசித்துவாரமிட்டால் காற்று அதன் வழியே புகுந்து இழுப்பைக் கெடுக்கும். மேற்சுற்றிலையில் ஒரு துவாரம் விழுந்தாலும் அது உள்ளிலையின் விலைக்கு இறங்கிவிடும். கிடங்கைத் துப்புரவாக வைத்தல், பழைய துணுக்குகளை அகற்றல், புதுச் சரக்கைப் பழைய சரக்குடன் கலவாமை இம்மூன்றும் பெரும்பகுதி நஷ்டத்தைத் தடுக்கும்.

விலையில் அடங்கியது

உயர்ந்த சுருட்டின் விலையில் இலையின் குணம் ஒரு பங்கு. வருஷக்கணக்கில் பழுக்க வைத்ததற்கான முதலின் வட்டி ஒரு பங்கு. சுற்றுபவரின் கைத்திறன் ஒரு பங்கு. இவை நியாயமானவை. தீர்வை, பெட்டி, வண்ணப்பட்டை, விளம்பரம், கிடைத்தற்கருமை என்பன மற்றப் பங்குகள். இவற்றிற்கும் சுவைக்கும் சம்பந்தமில்லை.

1960-இல் கியூப சர்க்கார் சுருட்டுத் தொழிற்சாலைகளைத் தேசவுடைமையாக்கியது. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா கியூபாவுடன் வியாபாரத்தைத் தடை செய்தது. தொழிலை இழந்தவர்கள் கியூப விதையையும் தங்கள் தொழிலறிவையும் எடுத்துக்கொண்டு டொமினிக்கன் குடியரசு, ஹாண்டுராஸ், நிக்கராகுவா ஆகிய நாடுகளிற் குடியேறினர். அதன் பயனாக, பார்தகாஸ், ரோமியோ இ ஹூலியெத்தா போன்ற பெயர்களில் கியூபாவிலும் ஒரு சுருட்டு, டொமினிக்கன் குடியரசிலும் வேறொரு சுருட்டு உண்டாயிற்று. பெயர் ஒன்று, மண் வேறு, இலை வேறு, கை வேறு. பெயரைப் பார்த்து வாங்குவோர் எதை வாங்குகின்றனர் என்ற கேள்வி எழுகிறது. பட்டையை நீக்கி மதிப்பிடும் முறைக்கு இதைக் காட்டிலும் நல்ல நியாயம் இல்லை. அம்முறையில் மலிவான சுருட்டு விலையுயர்ந்ததை எண்ணில் மிஞ்சுவதும் புதுமையன்று.

சங்கம் செய்யத்தக்கது

இம்முறையைச் சங்கத்தின் கிடங்கிலேயே கையாளலாம். சுருட்டுக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இலையை மதிப்பிட்டாற் போதும். அங்கத்தினர் கொண்டுவரும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் சிப்பத்தின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடத்திலும் மாதிரி இலை எடுக்க வேண்டும். காரியதரிசி அதற்கு இலக்கம் மட்டும் இட்டு, பெயரைத் தனிப் புஸ்தகத்தில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். மூன்று பேர், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல், பின்வருமாறு எண் இடலாம்: நிறமும் தோற்றமும் 10, பதமும் தொடுகையும் 20, எரிவு 30, மணம் 20, தரப்பிரிப்பின் ஒழுங்கு 20, ஆக 100. மூவரின் சராசரியே சரக்கின் எண்.

எரிவைச் சோதிக்கும் வழி எளிது. நன்கு உலர்ந்த இலையின் ஓரத்தில், சுவாலையின்றிக் கனலும் தீப்பொறியைத் தொட வைத்து எடுத்துவிட்டு, இலையில் கனல் எத்தனை விநாடி ஊர்ந்து அணைகிறது என்று எண்ண வேண்டும். ஒரே இலையில் நாலைந்து இடங்களில் சோதித்துச் சராசரி காண்பது நலம். எல்லா மாதிரிகளும் ஒரே அறையில் ஒரே நாளில் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். ஈர இலையையும் காய்ந்த இலையையும் ஒப்பிடுதல் நியாயமன்று.

எண் இட்டபின் புஸ்தகத்தைத் திறந்து, ஒவ்வோர் அங்கத்தினருக்கும் எண்ணையும் குறையின் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒருவரது சரக்கு எரிவில் தாழ்ந்திருந்தால் அவரது கிணற்றையும் உரத்தையும் விசாரிக்கலாம். மணத்தில் தாழ்ந்திருந்தால் அம்பாரத்தை விசாரிக்கலாம். பிறகு ஒரே எண்ணுடைய சரக்குகளை ஒன்றுசேர்த்து மொத்தமாக விற்றால், வியாபாரி ஒரு சிப்பத்தைக் காட்டி மறு சிப்பத்தின் விலையைக் குறைக்க இடமில்லை. 1937-ஆம் வருஷத்து விவசாய விளைபொருள் தரப்பிரிப்பு, முத்திரைச் சட்டத்தின் கருத்தும் இதுவே: தரம் எழுத்தில் இருந்தால் பேரம் அளவோடு நிற்கும். அப்போதைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-இல் சென்னை ராஜதானியின் முதல் ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்டபோது வட்டிக்காரரின் கணக்கிற்கு எதிராகக் குடியானவருக்குச் சொந்தக் கணக்கு ஒன்று கிடைத்தது. தரத்திற்கும் அவ்வாறே சொந்தக் கணக்கு ஒன்று அவசியம்.

தலைவரின் சரக்கும் கடைசி அங்கத்தினரின் சரக்கும் இலக்கத்தின்கீழ் ஒன்றுதான். இதைச் சகிக்க இயலாத சங்கம் இம்முறையைத் தொடங்காமலிருப்பதே மேல்.

தீங்கைப் பற்றி

எண்ணில் 95 பெற்ற சுருட்டும் புகையே. அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரி 1964-இல் வெளியிட்ட அறிக்கை, புகைபிடித்தல் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாதலை நிலைநாட்டியது. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிலையம் 1998-இல் சுருட்டைப் பற்றியே தனி நூல் வெளியிட்டு, வாய், தொண்டை, உணவுக்குழல், நுரையீரல் ஆகியவற்றில் சுருட்டினால் புற்றுநோய் உண்டாகிறது என்று கூறிற்று. புகையை உள்ளுக்கு இழுக்காவிடினும் வாய்க்கும் தொண்டைக்கும் தப்புதல் இல்லை. உயர்ந்த சுருட்டைப் பற்றி 2022-இல் வெளிவந்த அமெரிக்க விஞ்ஞானக் கழகங்களின் அறிக்கையும், அதன் புகையில் மற்றப் புகையிலைப் புகையிலுள்ள நச்சுப்பொருள்களே உள்ளன என்கிறது. விலை ஏறுவதால் நஞ்சு இறங்குவதில்லை. 2003-இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கிறது. சங்கக் கடைகள் இதை எழுத்துப்படி அனுசரிக்க வேண்டும்.

பயிரிடுவோருக்கும் ஓர் அபாயம் உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த பச்சை இலையை வெறுங்கையால் பறித்தால் நிகோடின் தோலின் வழியே உடலிற் புகுந்து தலைச்சுற்றல், வாந்தி, பலவீனம் உண்டாக்கும். ஈரம் காய்ந்தபின் அறுவடை செய்தல், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிதல், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுதல், சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் இவ்வேலையில் விடாமை ஆகியன அவசியமான காப்புகள்.

2005-இல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-இலேயே ஏற்றுக்கொண்டது. புகையிலைக் குடியானவருக்கு வேறு ஜீவனோபாயம் ஏற்பட உதவ வேண்டும் என்பதும் அதன் 17-ஆம் விதியில் அடங்கியது. ஆகையால் புகையிலை ஒன்றையே நம்பாமல், வயலில் ஒரு பங்கிலேனும் மாற்றுப் பயிரை வைத்துப் பழகிக்கொள்ளும் குடியானவரே தீர்க்கதரிசி. அப்பயிர் மிளகாயானாலும், நிலக்கடலையானாலும், காய்கறியானாலும் மேற்கூறிய பாடம் அதற்கும் பொருந்தும்.

அப்பாடம் சுருக்கமானது: பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுச் சரக்கைப் பார், கண்ட குறையை மண்வரை தேடிச் செல், கண்டதை எழுதி வை. அறுவடை முடிந்து சிப்பம் கட்டுமுன் ஒவ்வொரு சங்கமும் மூன்று நபர்களைத் தெரிந்தெடுத்து, ஓர் இலக்கப் புஸ்தகமும் ஒரு பூட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுமாக. இவ்வளவே இவ்வருஷத்திற்குப் போதுமான ஆரம்பம்.